பீஃப் நூடுல்ஸ்: கறி ஏன் ரப்பராகுது, நூடுல்ஸ் ஏன் குழையுது?

இந்த தடவ வந்த சமையல் கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், அவசரத்துக்கு வீட்லயே பீஃப் போட்டு நூடுல்ஸ் வதக்குறது எப்படின்னு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன், கொஞ்சம் விரிவாவே பேசிடலாம்.

கேள்வி: அக்கா, ஹோட்டல்ல சாப்பிடுற பீஃப் நூடுல்ஸ்ல கறி அவ்ளோ சாஃப்டா இருக்கு. வீட்ல செஞ்சா மெல்லவே முடியல. வேகலையோன்னு நினைச்சு இன்னும் 10 நிமிஷம் வதக்குனா இன்னும் மோசமாகுது. வாங்குற கறிதான் சரியில்லையா?

கறியும் காரணமா இருக்கலாம் தம்பி, ஆனா முதல்ல அந்த 10 நிமிஷத்த விடுங்க. மெதுவா வேகவைக்குற கறிக்கும் வேகமா வதக்குற கறிக்கும் கணக்கே வேற. மாட்டோட உடம்புல அதிகமா உழைக்கிற பாகம், அதாவது காலு, கழுத்து, தோள்பட்டை, இதுலல்லாம் கொலாஜன், அதாவது சதைய இறுக்கி புடிக்குற ஜவ்வு புரோட்டீன், ஜாஸ்தி. அது இளகி ஜெலட்டினா மாறணும்னா தண்ணியோட சேந்து மணிக்கணக்கா வேகணும், அப்பதான் பூப்போல ஆகும். சட்டியில 10 நிமிஷம் வதக்குனா அது இளகவும் இளகாது, கறிக்குள்ள இருக்குற சாறும் வெளிய ஓடிடும், ரெண்டுங்கெட்டானா நிக்கும். அதனாலதான் நேரம் ஏத்த ஏத்த உங்களுக்கு மோசமாகுது.

வதக்குறதுக்குன்னு கேட்டு வாங்குங்க. சர்லாய்ன், ரம்ப், ஃபிளாங்க், ஸ்கர்ட் இந்த பேர் போட்ட பேக் கிடைச்சா நல்லது. பேர் தெரியாத கடையா இருந்தா "இடுப்பு பக்கத்துல எலும்பில்லாம, ஜவ்வு இல்லாம, ஒரே துண்டா குடுங்க"ன்னு கேளுங்க. துண்டு போட்டு வாங்காதீங்க, ஏன்னா அடுத்து சொல்லப்போற விஷயம்தான் எல்லாத்துலயும் பெருசு, அத கடைக்காரர் கையில விடக்கூடாது.

கறிய பலகையில வச்சு நல்லா உத்து பாருங்க. ஒரே திசையில கோடு கோடா நார் ஓடும், ஃபிளாங்க்ல இது பட்டுன்னு தெரியும், ரம்ப்ல கொஞ்சம் தேடணும். அந்த கோட்டோட போக்குலயே வெட்டுனா ஒவ்வொரு துண்டுலயும் நீளநீளமா நார் முழுசா இருக்கும், அத அறுக்குற வேலை உங்க பல்லுக்கு வந்துடும். கோட்டுக்கு குறுக்க வெட்டுனா கத்தியே அந்த வேலைய முடிச்சுடும். ஒரு துண்ட எடுத்து வெளிச்சத்துல பாருங்க, வெட்டுன முகத்துல நார் கோடா தெரியாம புள்ளி புள்ளியா தெரிஞ்சா சரியா வெட்டியிருக்கீங்க. துண்டோட கனம் 3 மில்லிமீட்டர் போதும், 4 தாண்ட வேணாம். பச்சைக்கறி வழவழன்னு நழுவும், அதனால வெட்டுறதுக்கு முன்னாடி ஃப்ரீஸர்ல ஒரு 30, 40 நிமிஷம் வச்சு எடுங்க, கல்லா ஆகக்கூடாது, விரலால அழுத்துனா மேல விறைப்பாவும் உள்ள கொஞ்சம் அமுங்குற மாதிரியும் இருக்கணும், அப்ப கத்தி வெண்ணெயில போற மாதிரி போகும்.

இப்படி வெட்டுன கறி சட்டியில மொத்தமே ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருக்க தேவையில்ல. நல்ல கறி வாங்கி தப்பா வெட்டுறதவிட சுமாரான கறி வாங்கி சரியா வெட்டுறது எவ்வளவோ மேல்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

கேள்வி: கறி சாஃப்டாக ஆப்பசோடா போடணும்னு ஒருத்தர் சொல்றாங்க, போட்டா சோப்பு வாசம் வருது. போடலாமா கூடாதா?

போடலாம் மா, அளவும் நேரமும்தான் விஷயம். சோடா காரத்தன்மை உள்ளது, மிளகாய் காரம் இல்ல, புளிப்புக்கு நேரெதிரான காரம், அதனால கறியோட மேல்பக்கத்துல பிஎச்ங்கற அமில-கார அளவு ஏறுது, அப்ப சூடு பட்டாலும் புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி புடிக்க முடியாது, சாறு உள்ளயே நிக்குது. சீக்கிரம் செவக்கவும் அது உதவும். 300 கிராம் கறிக்கு அரை டீஸ்பூன், தலை தட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணியில கரைச்சு பிசைஞ்சு 15 நிமிஷம் வைங்க. அப்புறம் கழுவியே ஆகணும், உங்களுக்கு வாசம் வர்றது இந்த இடத்த விட்டதாலதான். ஆனா குழாய திறந்துவிட்டு அதுக்கடியில கழுவாதீங்க, பச்சைக்கறி தண்ணி சிங்க் பூரா தெறிக்கும், அதுல கிருமி இருக்கும். ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு அதுக்குள்ளயே மெதுவா அலசி, மெதுவா வடிச்சு, டிஷ்யூ பேப்பர்ல நல்லா ஒத்தி எடுங்க. நல்லான்னா நிஜமாவே நல்லா, பேப்பர் நனையுறது நிக்குற வரைக்கும்.

அதுக்கப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டு பிசைஞ்சு கடைசியா ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு வைங்க. கார்ன்ஃப்ளார் கறிக்கு மேல மெல்லிசா ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கும், சூடு நேரா கறியில அறையாது, பின்னாடி சாஸ் ஊத்தும்போது அதே மாவுதான் சாஸ கெட்டியாக்கி கறியில ஒட்ட வைக்கும். எண்ணெய் விடுறது துண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க.

ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. பேக்கிங் பவுடர் வேற, சோடா வேற, மாத்தி போட்டா இந்த வேலை நடக்காது. அப்புறம் சர்லாய்ன் மாதிரி ஏற்கனவே மெத்துனு இருக்குற கறிக்கு சோடா தேவையே இல்ல, கார்ன்ஃப்ளாரே போதும், சோடா போட்டா கறியோட கடி போயி கொழகொழன்னு ஆகிடும்.

கேள்வி: அடுப்ப ஃபுல்லா வச்சுத்தான் வதக்குறேன், ஆனா கறி போட்டதும் தண்ணி விட்டு குளமாகிடுது. கலரும் சாம்பலா இருக்கு. எங்க தப்பு?

கறிய மொத்தமா கொட்டுறீங்க, அதான். சட்டி எவ்வளவு சூடா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு கொள்ளளவு இருக்கு. அரை கிலோ ஜில்லுனு கறி ஒரே நேரத்துல விழுந்தா சூடு சரிஞ்சுடும், கறியிலருந்து சாறு கசியும், அது ஆவியாகி போற வேகத்தவிட கசியுற வேகம் ஜாஸ்தியா இருக்கும், அப்ப சட்டியில தண்ணி தேங்கும். தண்ணி இருக்குற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரிய தாண்டாது. கறி செவந்து அந்த வறுத்த வாசம் வரணும்னா மேல்பக்கம் 140 டிகிரி பக்கம் போகணும். அதனால நீங்க கறிய வதக்கல, அவிக்குறீங்க, சாம்பல் கலர் அதான்.

வீட்டு அடுப்புக்கு ஒரு தடவைக்கு 150 கிராம், அதுக்கு மேல போடாதீங்க. 300 கிராம்னா ரெண்டு தவணை. சட்டிய வெறுமனே சூடு பண்ணி, எண்ணெய் விட்டு, எண்ணெய் நெளிஞ்சு லேசா புகை கிளம்புற நேரத்துல கறிய பரப்பி போட்டுட்டு கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. கிளறாதீங்க. இதுதான் எல்லாருக்கும் கஷ்டம், போட்ட உடனே கரண்டி போகும். 40, 45 செகண்ட் அப்படியே விட்டா அடிப்பக்கம் செவந்து தானா விட்டுக்கும், அப்ப திருப்பி போட்டு இன்னொரு 30 செகண்ட், அங்கங்க கொஞ்சம் பச்சையா இருக்கும்போதே தட்டுல எடுத்துடுங்க. அது திரும்ப சட்டிக்கு வரப்போகுது, மிச்சம் அப்ப வெந்துக்கும்.

காத கொடுத்து கேளுங்க, கறி போட்டதும் சர்ருனு ஒரு சத்தம் வரும், அது கடைசி வரைக்கும் காய்ஞ்ச சத்தமா இருக்கணும். நடுவுல அது அடங்கி தண்ணி கொதிக்கிற சத்தமா மாறுனா கறி அதிகமாகிடுச்சுன்னு அர்த்தம், பாதிய உடனே வெளிய எடுத்துடுங்க, மிச்சத்த காப்பாத்திடலாம்.

கேள்வி: நூடுல்ஸ் வெந்ததும் நல்லாத்தான் இருக்கு, வாணலில போட்டு ரெண்டு கிளறு கிளறுனா உடைஞ்சு குழைஞ்சு ஒரு கட்டியா வந்து நிக்குது. எந்த நூடுல்ஸ் வாங்கணும், எவ்வளவு நேரம் வேகவைக்கணும்?

கோதுமை நூடுல்ஸ், முட்டை நூடுல்ஸ், எதுவானாலும் பாக்கெட்ல போட்டிருக்குற நேரத்துல ஒரு நிமிஷம் குறைச்சுக்கோங்க. 4 நிமிஷம்னு போட்டிருந்தா 3ல இறக்குங்க, ஒண்ண கிள்ளி பாத்தா நடுவுல லேசா ஒரு வெள்ளை பொட்டு தெரியணும். அந்த மிச்ச ஒரு நிமிஷத்த வாணலி பாத்துக்கும். வடிச்ச உடனே பச்சைத்தண்ணியில நல்லா அலசுங்க, சூடு நின்னா வேகுறதும் நிக்கும், மேல இருக்குற மாவும் போயிடும், அந்த மாவுதான் பின்னாடி கட்டி கட்ட வைக்குற ஆளு. அலசிட்டு ஈரத்தோட போட்டீங்கன்னா மறுபடி குளம்தான், போன பதில்ல சொன்ன அதே கதை. ஜல்லடையில 10 நிமிஷம் வடிய விட்டு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி, தட்டுல பரப்பி வைங்க. இத கறி வெட்டுறதுக்கு முன்னாடியே செஞ்சு வச்சுட்டா அது பாட்டுக்கு காஞ்சுக்கிட்டு இருக்கும்.

மஞ்ச கலர்ல, இழுத்தா ஸ்ப்ரிங் மாதிரி வர்ற நூடுல்ஸ் கிடைச்சா அத வாங்குங்க. சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் மாதிரி கார உப்பு சேத்து பிசைஞ்ச மாவு அது, சீக்கிரத்துல குழையாது, வதக்குறதுக்கு அதவிட தோதானது இல்ல. வாங்கும்போது பாக்கெட்டோட பின்பக்கத்த படிங்க, சிலதுல வெறும் மஞ்ச கலர் மட்டும்தான் இருக்கும்.

அரிசி நூடுல்ஸ்னா கொதிக்கவே விடாதீங்க. வெதுவெதுன்னு தண்ணியில 20லருந்து 30 நிமிஷம் ஊறவச்சு, வளைஞ்சு குடுக்குற பக்குவத்துல, ஆனா கடிச்சா இன்னும் உறுதியா இருக்கும்போதே வடிச்சுடுங்க. கிளறும்போதும் கரண்டியால குத்தாம ரெண்டு திருப்பிய வச்சு கீழருந்து தூக்கி தூக்கி போடுங்க. சீனாவோட கேன்டனீஸ் சமையல்ல பட்டையான அரிசி நூடுல்ஸும் பீஃபும் சேந்த ஒரு ஃபேமஸான வதக்கல் இருக்கு, தண்ணியே இல்லாம வதக்குறது, பீஃப் சௌ ஃபன்னு மெனுவுல போட்டிருப்பாங்க. நூடுல்ஸ் உடையாம, தட்டுல எண்ணெய் தேங்காம அத செஞ்சு முடிக்கிறதுதான் ஒரு சமையல்காரரோட கைக்கே பரீட்சைன்னு சொல்லுவாங்க, அதனால முதல் தடவையே அரிசி நூடுல்ஸ்ல இறங்காம முட்டை நூடுல்ஸ்ல கைய பழக்கிக்கிட்டு அப்புறம் அங்க போங்க.

கேள்வி: சரிக்கா, அளவோட ஒரே மூச்சுல சொல்லிடுங்க. வேலை முடிஞ்சு வந்து 3 பேருக்கு செய்யணும்.

300 கிராம் கறி, 200 கிராம் காய்ஞ்ச நூடுல்ஸ், வெங்காயம் ஒண்ணு நீளவாக்குல, குடமிளகாய் ஒண்ணு, கேரட் ஒண்ணு தீக்குச்சி கனத்துல, பூண்டு 4 பல்லு, கட்டைவிரல் நீளத்துக்கு இஞ்சி, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி. நூடுல்ஸ வேகவச்சு பரப்பிட்டு கறிய வெட்டி, ஆப்பசோடா கேள்வியில சொன்ன மாதிரி ஊறப்போடுங்க, அது ஊறுற நேரத்துல காய நறுக்குங்க, சாஸையும் ஒரு கிண்ணத்துல முன்னாடியே கலந்து வச்சுடுங்க. லைட் சோயா ஒன்றரை டேபிள்ஸ்பூன், டார்க் சோயா ஒரு டீஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், தண்ணி 2 டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். லைட் சோயா உப்புக்கு, டார்க் சோயா கலருக்கு, ரெண்டையும் மாத்தி ஊத்துனா ஒண்ணு கரிக்கும் இல்லன்னா கன்னங்கரேல்னு ஆகும். அடுப்ப பத்த வச்சப்புறம் எந்த பாட்டிலையும் திறக்குற வேலை இருக்கக்கூடாது, ஏன்னா அங்கருந்து எல்லாமே 6, 7 நிமிஷத்துல முடிஞ்சுடும்.

கறிய ரெண்டு தவணையா செவக்க விட்டு எடுத்தாச்சா, அதே சட்டியில ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு வெங்காயமும் கேரட்டும் முதல்ல, ஒரு நிமிஷம் கழிச்சு குடமிளகாய், அது பச்சை மாறாம இருக்கும்போதே ஓரமா ஒதுக்கி நடுவுல இஞ்சி பூண்டு போடுங்க, 20 செகண்ட்ல வாசம் வந்துடும், முதல்லயே போட்டா இந்த சூட்டுல பூண்டு கருகி கசந்துடும். இப்ப நூடுல்ஸ உதுத்து போட்டு ஒரு நிமிஷம் சும்மா பெரட்டுங்க, அங்கங்க லேசா முறுகட்டும். அப்புறம் கறிய தட்டுல தேங்குன சாறோட சேத்து கொட்டிட்டு சாஸ சட்டியோட ஓரத்துல சுத்தி ஊத்துங்க, நடுவுல ஊத்தாதீங்க, சூடான இரும்புல பட்டு அது சுண்டுற வாசம்தான் நீங்க ஹோட்டல்ல தேடுற வாசத்துல பாதி. ஒரு நிமிஷம் தூக்கி போட்டு பெரட்டி, வெங்காயத்தாள் தூவி, அடுப்ப அணைச்சிட்டு நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன். வறுத்த எள்ளுல எடுத்த எண்ணெய் இருந்தா இன்னும் நல்லது, ஆனா எதுவா இருந்தாலும் கடைசியிலதான், வதக்குறதுக்கு வாசம் இல்லாத ரிஃபைண்ட் எண்ணெய்தான் இந்த சூட்ட தாங்கும்.

முட்டைகோஸ், காளான் போட ஆசைன்னா தனியா வதக்கி எடுத்து கடைசியில சேருங்க, ரெண்டும் தண்ணி விடும்.

கேள்வி: எங்க வீட்ல இண்டக்ஷன் அடுப்பும் ஒரு நான்ஸ்டிக் தவாவும்தான் இருக்கு. இதுல வருமா?

வரும், ஆனா நான்ஸ்டிக்க வெறுமனே ஃபுல் சூட்டுல காயவிடாதீங்க. 260 டிகிரி தாண்டுனா அந்த கோட்டிங் சிதைய ஆரம்பிக்கும், வெறும் பாத்திரம் சில நிமிஷத்துலயே அந்த சூட்டுக்கு போயிடும், அந்த புகை நல்லது இல்ல. எண்ணெய் விட்டு மீடியத்துக்கு கொஞ்சம் மேல வச்சு, கறிய 100 கிராமா குறைச்சு மூணு தவணையா போடுங்க. கலர் கொஞ்சம் கம்மியா வரும், ஆனா ரப்பராகாது. பின்னாடி ஒண்ணு வாங்குறதா இருந்தா அடி தட்டையான இரும்பு வாணலியோ கனமான வார்ப்பிரும்பு தவாவோ வாங்குங்க, அடி குழிவான வாணலி இண்டக்ஷன்ல சரியா உக்காராது, நடுவுல மட்டும்தான் சூடாகும்.

கேள்வி: அப்பாவுக்கு பிபி. சோயா சாஸ் இல்லாம செய்ய முடியுமா?

முழுசா இல்லாம செஞ்சா அது வேற சாப்பாடு மா, ஆனா நல்லா குறைக்கலாம். சாதாரண சோயா ஒரு டேபிள்ஸ்பூன்ல கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மேல நான் குடுத்த அளவுல ஒரு ஆள் பங்குக்கே 900 தாண்டிடும். அதனால அப்பா பங்குக்கு சோடா வேணாம், அதுலயும் சோடியம்தான், ஆய்ஸ்டர் சாஸும் வேணாம். ஊறவைக்க உப்பு குறைச்ச சோயா ஒரு டீஸ்பூன், சாஸுக்கு இன்னொரு டீஸ்பூன், மிச்ச ருசிய இஞ்சி, பூண்டு, மிளகு, கடைசியில ஒரு டீஸ்பூன் வினிகர்ல கொண்டு வாங்க, புளிப்பு வந்தா உப்பு கம்மின்னு நாக்குக்கு அவ்வளவா தெரியாது. நூடுல்ஸ் பாக்கெட்லயும் சோடியம் போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. பீஃப் எவ்வளவு சாப்பிடலாம்ங்கறத அவரோட டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

கேள்வி: கொத்துக்கறி வச்சு செய்யலாமா?

தாராளமா. வெட்டுற வேலையும் இல்ல சோடாவும் வேணாம். ஆனா கொத்துக்கறிய அரைவேக்காட்டுல எடுக்கக்கூடாது, துண்டுக்கறியில கிருமி பெரும்பாலும் மேலதான் இருக்கும், சூடு பட்டதும் போயிடும், கொத்துனதுல அது உள்ள வரைக்கும் கலந்துடுது. தெர்மாமீட்டர் இருந்தா 71 டிகிரி, இல்லன்னா சிவப்பே தெரியாம உதிரியா வர்ற வரைக்கும் வதக்குங்க. சட்டியில பரப்பி அழுத்திவிட்டு அடி செவந்தப்புறம் உடைச்சுவிடுங்க, போட்ட உடனே கிளறுனா இதுவும் தண்ணி விடும்.

கேள்வி: மிஞ்சுனத மறுநாள் டப்பாவுல கொண்டு போகலாமா? சூடு பண்ணா வறண்டு போகுது.

சமைச்ச 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்கு போயிட்டா 3 நாள் வரைக்கும் தாராளமா சாப்பிடலாம், ராத்திரி பூரா அடுப்பு மேலயே மூடி வச்சிருந்தத மட்டும் தொடாதீங்க, வாசம் நல்லா இருந்தாலும் சரி. பெரிய குவியலா வைக்காம தட்டையான டப்பாவுல பரப்பி வச்சா சீக்கிரம் ஆறும். சூடு பண்ணும்போது ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடிபோட்டு ஒரு நிமிஷம், அப்புறம் மூடிய எடுத்துட்டு பெரட்டுங்க, ஆவி பறக்குற அளவுக்கு உள்ள வரைக்கும் சூடாகணும். மறுநாளைக்குன்னே செய்யுறீங்கன்னா வெங்காயத்தாளையும் நல்லெண்ணெயையும் அன்னைக்கு போடாம சூடு பண்ணப்புறம் போட்டுக்கோங்க.